மும்பையிலிருந்து ஊருக்கு மாத்திரையை மாற்றியது

தாராவி வீட்டைக் காலி செய்து ஊருக்கு வந்து சேர்ந்ததுகூடச் சுலபமாக முடிந்தது. எச்.ஐ.வி.க்குத் தினமும் போடுகிற ஏ.ஆர்.டி. மாத்திரையை இங்கே மாற்றுவதற்குள்தான் போதும் போதும் என்றாகிவிட்டது.

அங்கே கொடுத்த மாற்றல் கடிதத்தில் எல்லாம் இருந்தது, சீல் மட்டும் இல்லை. இங்கே ஏ.ஆர்.டி. மையத்தின் பதிவு மேசையில் இருந்தவர் கடிதத்தை முன்னும் பின்னும் புரட்டிவிட்டு, "சீல் இல்லாம நான் என்ன செய்ய? போய் வாங்கிட்டு வாங்க" என்றார். மும்பைக்கா? அதுவும் தாழ்வாரமே கேட்கும்படி, நோயின் பேரைச் சொல்லி. எங்கள் களக்காட்டு ஆள் ஒருத்தர் அந்தப் பக்கம் வந்திருந்தால் என் கதி? டப்பாவில் மாத்திரையும் தீர்கிற நிலை.

வெளியே நின்ற என்னிடம் முக்கூடல் அக்கா ஒருத்தர் தானாக வந்து பேசினார். பீடி சுற்றுகிறவர், எச்.ஐ.வி. உள்ள பெண்கள் நடத்தும் பாசிட்டிவ் பெண்கள் குழுவில் இருப்பவர். "யம்மா, அந்த ஆள்கிட்ட நின்னு என்னத்துக்கு? கவுன்சிலர் மேடத்தப் பாரு" என்றார். பார்த்தேன். மேடம் மும்பைக்குப் போன் போட்டார், சீல் வைத்த நகல் வாட்ஸ்அப்பில் வந்தது, அன்றே மாத்திரை கையில்.

ஊர் மாறுகிறவர்கள் சீல், கையெழுத்து, ஏ.ஆர்.டி. எண், கடைசி வைரல் லோடு (ரத்தத்தில் கிருமி எவ்வளவு என்ற பரிசோதனை) முடிவு எல்லாம் கடிதத்தில் இருக்கிறதா என்று அங்கேயே பார்த்துவிடுங்கள். கூடுதலாக ஒரு மாத மாத்திரையும் கேளுங்கள்.

அப்புறம் குழுக் கூட்டத்துக்குப் போக ஆரம்பித்தேன். ரத்தசோகைக்கு ஆரம்ப சுகாதார நிலையத்தில் கொடுத்த இரும்புச்சத்து மாத்திரையை வெறும் வயிற்றில் ஏ.ஆர்.டி. மாத்திரையோடு சேர்த்துப் போடக் கூடாது என்று அங்கேதான் தெரிந்தது. டொலுடெக்ராவிர் என்கிற மருந்து உள்ள ஏ.ஆர்.டி. மாத்திரையைப் போட்டு இரண்டு மணி நேரம் கழித்து இரும்பு. இரும்பை முதலில் போட்டால் ஆறு மணி நேரம் விட வேண்டும். அலுமினியம், மெக்னீசியம் உள்ள வயிற்றெரிச்சல் மருந்துக்கும் இதே கணக்குதான். மாமியார் பார்ப்பாரே என்று மாத்திரையைப் பவுடர் டப்பாவில் கொட்டி வைக்கிறவர்களுக்கு அக்காவிடம் நல்ல திட்டு விழும்: ஈரம் பட்டால் வீணாகிவிடும், லேபிளைக் கிழித்துவிட்டு அதே டப்பாவில் வை.

அந்தத் தாழ்வாரக் கூச்சலையும் குழு விடவில்லை. ஒருத்தரின் நோயை அவர் சம்மதமில்லாமல் வெளியே சொல்லக் கூடாது என்று 2017-இன் எச்.ஐ.வி., எய்ட்ஸ் தடுப்புச் சட்டம் இருக்கிறது. அதைச் சொல்லி நாலைந்து பேராக டாக்டரிடம் போனோம். இப்போது பதிவு மேசை அறைக்குள் போய்விட்டது. ஆள் அவரேதான், நிமிர்ந்து பார்ப்பதில்லை. சத்தம் மட்டும் குறைந்திருக்கிறது.