அசர்ட்டுக்குள் வேலையை வைக்காதீர்கள்: ஒரு கோடிங் தேர்வு அனுபவம்

ஓஎம்ஆரில் உள்ள ஒரு நிறுவனத்தில், சிஸ்டம்ஸ் புரோகிராமர் வேலைக்கான கோடிங் சுற்றில் தோற்றேன். மூன்று மணி நேரம். சி மொழியில் ஒரு ரிங் பஃபர் (கடைசி இடம் நிரம்பினால் மறுபடி முதலிடத்துக்குச் சுற்றி வரும் வரிசை) எழுத வேண்டும். ஒரே நேரத்தில் ஓடும் த்ரெட்களில் இரண்டு எண்களைப் போடும், இரண்டு எடுக்கும். என் லேப்டாப்பில் எத்தனை முறை ஓட்டினாலும் ஒரு எண்கூடத் தவறவில்லை. அவர்கள் ஓட்டியபோது சில எண்கள் காணாமல் போயின, சில இரண்டு முறை வந்தன.

மறுநாள் காலை வேளச்சேரியில் பறக்கும் ரயில் ஏறி, கோட்டூர்புரத்தில் இறங்கி, அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் உட்கார்ந்தேன். டிபக்கரில் ஓட்டினால் பிழை தலைகாட்டவே இல்லை. மதியத்துக்கு மேல்தான், அவர்கள் செய்தது போல, பில்டு கருவியான சிமேக்கில் ரிலீஸ் பில்டு (பயனருக்குத் தரும் இறுதிப் பதிப்பு) போட்டுப் பார்க்கத் தோன்றியது. முதல் ஓட்டத்திலேயே எண்கள் காணாமல் போயின.

காரணம் ஒரே வரி. அசர்ட் என்பது நிபந்தனை பொய்யானால் நிரலை நிறுத்தும் சோதனை. ஒரு நேரத்தில் ஒரு த்ரெட்டை மட்டும் உள்ளே விடும் பூட்டான மியூட்டெக்ஸைப் பூட்டும் அழைப்பை அசர்ட்டின் அடைப்புக்குள்ளேயே எழுதி, அது சுழியம் (வெற்றி) தருகிறதா என்று சோதித்திருந்தேன். அசர்ட் ஒரு ஃபங்ஷன் அல்ல, மேக்ரோ, அதாவது கம்பைல் ஆகும் முன்பே வேறு கோடாக மாற்றப்படுவது. என்-டிபக் (NDEBUG) என்ற பெயர் டிஃபைன் ஆகியிருந்தால் அந்த வரி முழுவதும் ஒன்றும் செய்யாத வரியாகிவிடும். உள்ளே இருப்பது மதிப்பிடப்படுவதே இல்லை. சோதனை மட்டும் போகவில்லை, பூட்டும் போய்விட்டது. சிமேக்கின் ரிலீஸ் பில்டு அந்தப் பெயரைத் தானாகவே சேர்க்கிறது. பில்டு வகை எதுவும் கொடுக்காமல் ஓட்டிய நான் அதைப் பார்க்க வழியே இல்லை. கோடை வேகமாக்கும் ஓ2 (-O2) ஆப்டிமைசேஷனை மட்டும் கொடுத்தாலும் அசர்ட் போகாது, அதனால் ஆப்டிமைசேஷன் போட்டுச் சோதித்துவிட்டேன் என்று நிம்மதி அடையாதீர்கள்.

தேர்வுக்குப் படிப்பவர்கள் இதை ஒருமுறை கண்ணால் பாருங்கள். ஜிசிசி கம்பைலரில் மைனஸ் ஈ (-E) கொடுத்து, மேக்ரோக்களை விரிக்கும் ப்ரீபிராசசர் தருவதை என்-டிபக் இருந்தும் இல்லாமலும் ஒப்பிடுங்கள். பத்துப் பக்கக் குறிப்பைவிட அது மனதில் நிற்கும்.

பழக வேண்டிய முறை எளிது: முதலில் அழைப்பைச் செய்து முடிவை ஒரு மாறியில் வாங்குங்கள், அப்புறம் அந்த மாறியை மட்டும் அசர்ட்டில் சோதியுங்கள். இதில் ஒரு சிக்கல் உண்டு. ரிலீஸில் அந்த மாறி பயன்படவில்லை என்று கம்பைலர் எச்சரிக்கும். அந்த எச்சரிக்கையை நீக்கத்தான் பலர் அழைப்பை மறுபடி அசர்ட்டுக்குள் தள்ளுகிறார்கள். அதற்கு மாறியை வாய்டுக்கு காஸ்ட் செய்தால், அதாவது முன்னால் (void) போட்டு ஒரு வரி எழுதினால் போதும். பூட்டு, ரீட், மெமரி ஒதுக்கீடு போன்றவை தோற்றால் இஃப் போட்டுக் கையாளுங்கள். அது அசர்ட்டின் வேலை இல்லை.

தேர்வில் இதே பிழையின் இன்னொரு வகையும் கேட்பார்கள். ஒப்பிடும் இரட்டைச் சமக்குறிக்குப் பதில் மதிப்பை ஏற்றும் ஒற்றைக் குறி விழுந்தால் டிபக்கில் அசர்ட்டே மாறியின் மதிப்பை மாற்றி, உண்மைப் பிழையை மறைத்துவிடும். கோடை அலசும் கருவியான கிளாங்-டைடியில் இந்தப் பக்க விளைவுகளைத் தேடும் சோதனை இருக்கிறது, ஓட்டிப் பாருங்கள்.

லினக்ஸ் கெர்னல் பக்கம் போகிறவர்கள் கவனியுங்கள்: அங்கே அசர்ட் போலப் பயன்படும் பக்-ஆன் (BUG_ON) மேக்ரோவில் சோதனை வசதியை அணைத்தாலும் நிபந்தனை மதிப்பிடப்படும், விஎம்-பக்-ஆன் (VM_BUG_ON) அணைந்திருந்தால் மதிப்பிடப்படாது. பெயர் ஒத்திருக்கிறதே என்று ஒன்றின் பழக்கத்தை மற்றதில் வைக்காதீர்கள்.

அடுத்த தேர்வில் கடைசிப் பத்து நிமிடத்தை ஒதுக்கி, டிபக், ரிலீஸ் இரண்டிலும் பில்டு செய்து ஓட்டிய பிறகே கோப்பை அனுப்பினேன்.