கட்டைவிரல் அசைந்த நாள்

ஐ.சி.யூ.வில் நான் வேலைக்குச் சேர்ந்த புதிது. அன்றைய நைட் டியூட்டியில் ஒரு கட்டிலின் இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் இன்னொரு சிஸ்டர். நோயாளியைப் புரட்டிப் படுக்கவைத்தபடியே, என் பையன் கணக்கில் ஃபெயிலாகப் போகிறான் என்று புலம்பிக்கொண்டிருந்தேன். அவருக்கு போட்டுலிசம், உணவில் வளரும் ஒரு கிருமியின் நச்சு தசைகளை முடக்கிவிடும் நோய். வென்டிலேட்டர் மூச்சு, மூடிய இமைகள், துவண்ட கைகள். நினைவில்லை என்றே நினைத்திருந்தேன்.

காலை ரவுண்ட்ஸில் டாக்டர் அவர் இமையை விரலால் தூக்கினார். விழி அசையவில்லை. "சார், கேட்குதுன்னா கால் கட்டைவிரலை அசைங்க." லேசாக, ஆனால் சந்தேகமில்லாமல் அசைந்தது. எனக்கு வியர்த்துவிட்டது.

இந்த நச்சு அறிவைத் தொடுவதில்லை. நரம்பு நுனியில், தசைக்குச் செய்தி கொண்டுபோகும் அசிட்டைல்கோலின் என்ற வேதிப்பொருள் நிரம்பிய நுண்ணிய பைகள் உண்டு. அவை நுனிச் சவ்வோடு ஒட்டித் திறந்தால்தான் தசை சுருங்கும். அப்படி ஒட்டவைக்கும் புரதங்களைத்தான் நச்சு வெட்டிவிடுகிறது. மூளை உத்தரவு போட்டுக்கொண்டே இருக்கும், தசைக்குப் போய்ச் சேராது.

முடக்கம் மேலிருந்து கீழே இறங்கும். சாப்பிட்ட 12 முதல் 36 மணி நேரத்தில் பெரும்பாலும் தொடங்கிவிடும். ஒன்று இரண்டாகத் தெரியும், இமை சரியும், வாய் வறளும், பேச்சு குழறும், விழுங்க முடியாது. அப்புறம் கழுத்து, கை, மூச்சு. காய்ச்சல் இருக்காது, அதனால் பக்கவாதம் என்று நினைத்துவிடுவார்கள். கால் கடைசி என்பதால்தான் அந்தக் கட்டைவிரல் மிஞ்சியிருந்தது.

இந்த நச்சைச் சுரப்பது, காற்றுப் புகாமல் அடைத்த உணவில் வளரும் கிருமி. கொதிக்கவைத்தால் நச்சு அழியும், ஆனால் கிருமியின் வித்துகள் தப்பிவிடும். அவற்றை அழிக்க, அழுத்தத்தில் 121 டிகிரி செல்சியஸ் வேண்டும். ஒரு வயது ஆகாத குழந்தைக்குத் தேன் கூடாது என்பதும் இந்த வித்துகளால்தான். (சுருக்கம் போக்கும் போடாக்ஸ் ஊசியிலும் இதே நச்சுதான், மிக மிகக் குறைந்த அளவில்.)

நச்சுமுறி மருந்து, ரத்தத்தில் சுற்றும் நச்சை மட்டும்தான் பிடிக்கும். நரம்புக்குள் நுழைந்துவிட்டதை ஒன்றும் செய்யாது. நரம்பு புது முனை விட்டுத் தசையைத் தொடும்வரை வாரக்கணக்கில், சமயத்தில் மாதக்கணக்கில், காத்திருக்கத்தான் வேண்டும். அவரும் காத்திருந்தார். நாங்கள் அதற்குப் பிறகு அவரிடம் சொல்லிவிட்டுத்தான் ஊசி போட்டோம்.

ஏழாவது வாரம் குழாயை எடுத்தோம். குரல் காற்றாகத்தான் வந்தது. குனிந்து காதைக் கொடுத்தேன்.

"சிஸ்டர், பையன் கணக்குல பாஸாயிட்டானா?"