வேட்பாளர் வீடு தேடி வந்தால்

மலேசியாவின் பினாங்கு மாநிலத்தில் ஊராட்சித் தேர்தல் 1965-இல் நிறுத்தப்பட்டதுதான். ஒவ்வொரு மாநகர் மன்றத்தின் 24 கவுன்சிலர்களையும் மாநில அரசே நியமிக்கிறது. அதனால் சட்டமன்ற வேட்பாளரைத்தான் பிடிக்கணும்.

"லோங்காங்கை (சாக்கடையை) சுத்தம் பண்ணுவோம்" என்று அவர் சொன்னால் அதோடு விட்டுவிடாதீர்கள். எந்த லோங்காங்? வீட்டோரத்தில் உள்ளது மாநகர் மன்றத்தின் வேலை. ஆறு என்றால் அது வடிகால்-நீர்ப்பாசன இலாகாவின் வேலை. கடல் ஏறும் நேரத்தில் மழை கொட்டினால், தெருவில் எவ்வளவு தூர்வாரினாலும் தண்ணீர் வடியாது. ஆற்றுவாயில் மதகும் பம்பும் வேண்டும். அதற்கு எந்த ஆண்டு பட்ஜெட்டில் பணம்? இதைக் கட்டாயம் கேளுங்கள்.

பிளாட் லிப்டு வேறு கதை. 2013 ஸ்ட்ராத்தா (அடுக்குமாடி) நிர்வாகச் சட்டப்படி அது நாம் கட்டும் பராமரிப்புக் கட்டணத்தில்தான் ஓடுகிறது. பாக்கி சேர்ந்தால் பழுதுபார்க்கக் காசிருக்காது. பாக்கி வசூலிக்க பிளாட் நிர்வாகக் குழுவுக்கு வேட்பாளர் என்ன உதவி செய்வார் என்று கேட்டு, பதிலை எழுதி வாங்குங்கள்.