கியோட்டோவில் நெரிகிரியும் மாட்சாவும்: இதுவரை கற்றது

கியோட்டோவில் தங்கியிருக்கும் இந்த ஜூன் மாதத்தில் இரண்டு வகுப்புகளுக்கு மாறி மாறிப் போய்க்கொண்டிருக்கிறேன். ஒன்று வகாஷி எனப்படும் ஜப்பானிய இனிப்பு செய்யும் வகுப்பு. இன்னொன்று தேநீர்ச் சடங்கு. வெளியூரிலிருந்து வருபவர்களுக்கென்றே நடக்கும் வகுப்புகள் இங்கே நிறைய உண்டு. பெரும்பாலோர் இரண்டில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்கிறார்கள். என்னைக் கேட்டால், நேரமும் காசும் இருந்தால் இரண்டையும் சேர்த்தே கற்க வேண்டும். இனிப்பு ஏன் அந்த அளவில், அந்த மென்மையில், மணமே இல்லாமல் இருக்கிறது என்பது தேநீர்க் கிண்ணத்துக்கு முன்னால் உட்கார்ந்த பிறகுதான் எனக்குப் பிடிபட்டது.

முதலில் மாவைப் பற்றி. நெரிகிரி என்ற இனிப்புக்கு அடிப்படை ஷிரோ ஆன். வெள்ளை பீன்ஸ் விதையைக் குழைய வேகவைத்து, தோல் போகச் சலித்து, சர்க்கரை சேர்த்துக் கிளறிய விழுது அது. அதோடு பசையரிசி மாவும் சர்க்கரையும் தண்ணீரும் சேர்த்துக் கிளறிய க்யூஹி என்ற களி கொஞ்சம் சேரும். 300 கிராம் விழுதுக்கு 10 கிராம் மாவில் கிளறிய களி போதும். (கியோட்டோ கடைகளில் நெரிகிரியைவிட கொனாஷிதான் அதிகம். அதில் களிக்குப் பதில் கோதுமை மாவு சேர்த்து ஆவியில் வேகவைத்துப் பிசைகிறார்கள். கடித்தால் கொஞ்சம் கெட்டியாக இருக்கும்.)

வகுப்பில் பிசைந்த மாவைத் தயாராகவே தந்துவிடுகிறார்கள். ஆனால் பதம் கைக்கு வர வேண்டுமென்றால் பிசைவதையும் நாமே செய்து பார்க்க வேண்டும். அதனால் சூப்பர் மார்க்கெட்டில் ஷிரோ ஆன் பாக்கெட் வாங்கி, தங்கியிருக்கும் அறையின் சின்ன அடுப்படியில் தொடங்கினேன். விழுதின் ஈரத்தை மைக்ரோவேவில் வற்ற வைத்து, புறங்கையால் தொட்டால் ஒட்டாத பதத்தில் எடுத்து, சூட்டோடு களியைச் சேர்த்துப் பிசைய வேண்டும். பிறகு சின்னச் சின்னத் துண்டுகளாகக் கிள்ளி, பிழிந்த ஈரத்துணியின் மேல் பரப்பி ஆறவிட்டு, மறுபடி ஒன்றுசேர்த்துப் பிசைய வேண்டும். கிள்ளிக் கிள்ளிச் சேர்க்கச் சேர்க்க மாவு வெளுத்து வழவழப்பாகிறது. இந்தப் படியை அவசரப்படுத்தினால் மேற்பரப்பில் மணல்போல ஒரு சொரசொரப்பு நிற்கும். எனக்கு இந்த வேலையில் மிகவும் பிடித்த பகுதியே இதுதான். கைக்குள்ளேயே மாவு மாறுவது தெரியும்.

பூரணம் பொதிவது அடுத்தது. கொழுக்கட்டைக்கு மாவைச் சொப்பாக்கிப் பூரணத்தை உள்ளே வைத்து மூடுவோம். இங்கே தட்டிய மாவின் நடுவில் பூரண உருண்டையை வைத்து, இடது உள்ளங்கையில் சுழற்றிக்கொண்டே வலது விரலால் மெல்ல அழுத்த, மாவு தானாக மேலேறி வந்து மூடிக்கொள்கிறது. மேல்மாவு 25 கிராம், உள்ளே சிவப்புப் பயறு விழுது 15 கிராம். வாயை மூடிய தடம் அடியில் போய்விட வேண்டும். மாவு நிமிடத்தில் காய்ந்து வெடிக்கும் என்பதால் பக்கத்தில் ஈரத்துணி இல்லாமல் உட்காரவே கூடாது.

ஜூனில் எங்கு பார்த்தாலும் அஜிசாய் (ஹைட்ரேஞ்சியா) பூ. வகுப்பிலும் அதுதான். நீலத்திலும் ஊதாவிலும் சாயம் சேர்த்த மாவைச் சல்லடையில் அழுத்தினால் இழை இழையாக விழுகிறது. அந்த இழைகளை நுனி மெலிந்த மூங்கில் குச்சிகளால் எடுத்து, பூரண உருண்டையின் அடிப்பக்கத்திலிருந்து மேல்நோக்கி ஒட்டிக்கொண்டே வர வேண்டும். அழுத்தினால் இழை நசுங்கிப் பூ களிமண்ணாகிவிடும், அழுத்தாவிட்டால் உதிரும். குச்சி நுனி உருண்டையைத் தொட்டதும் தொடாததுமாக இருக்கும் அந்த இடைவெளியைத்தான் இப்போது பழகிக்கொண்டிருக்கிறேன். கடைசியாக அகர் அகர் ஜெல்லியைப் பொடிப்பொடியாக வெட்டி மழைத்துளியாக மேலே வைக்கிறோம்.

தேநீர் வகுப்பு உராசென்கே மரபில் நடக்கிறது. தேநீர்ச் சடங்கின் பெரும் ஆசான் சென் நோ ரிக்யூவின் (1522–1591) வழிவந்த மூன்று குடும்பங்களில் ஒன்று அது. மாட்சாவை, அதாவது பச்சைத் தேயிலைத் தூளில் கலக்கும் தேநீரை, நன்றாக நுரைக்கவைப்பது இவர்கள் வழக்கம். அந்த மூன்றில் இன்னொன்றான ஒமோதெசென்கேயில் நுரை குறைவு. மெல்லிய தேநீருக்கு ஏறத்தாழ 2 கிராம் தூள், 70 மில்லி தண்ணீர், 80 டிகிரி சூடு. சாசென் என்ற மூங்கில் துடுப்பை முதலில் வெந்நீரில் நனைத்து, அதன் கம்பிகள் ஏதும் முறிந்திருக்கிறதா என்று தூக்கிப் பார்க்க வேண்டும். அப்புறம்தான் கலக்குவது. மணிக்கட்டு மட்டும் முன்னும் பின்னும் போக வேண்டும், தோள் அசையக் கூடாது.

என் கவனம் முழுக்க இப்போது வெந்நீர் மொள்ளும் அகப்பையில் இருக்கிறது. மே முதல் அக்டோபர் வரை அடுப்பு பாயின் மேல் இருக்கும், நவம்பரிலிருந்து தரையில் குழித்த அடுப்பு. இந்தக் கோடைக்கால முறையில் மூங்கில் அகப்பையைக் கெட்டிலின் வாயில் வைப்பதற்கே மூன்று விதம் உண்டு. கிண்ணத்தைச் சூடாக்க வெந்நீர் ஊற்றியபின் ஒரு விதம், தேநீருக்கு ஊற்றியபின் ஒரு விதம், குளிர்ந்த நீர் சேர்த்தபின் இன்னொன்று. இரண்டாவதில் உள்ளங்கையை விரித்து, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையே காம்பு படிய, மெல்லக் கீழே விட வேண்டும். சத்தம் வரக் கூடாது. வீட்டில் ஒரு மரக்கரண்டியை வைத்து இதைப் பழகுகிறேன்.

விருந்தினராக உட்காரும்போது கவனித்தது இது. தேநீர் தருபவர் தூள் எடுக்கும் சின்ன மூங்கில் கரண்டியைக் கையில் எடுக்கும்போதுதான் இனிப்பை எடுத்துக்கொள்ளச் சொல்கிறார். அவர் தூள் போட்டு, வெந்நீர் ஊற்றி, கலக்கி முடிக்கும் நேரம்தான் நமக்கு. அதற்குள் இனிப்பைக் குரோமோஜி என்ற சின்ன மரக்குச்சியால் மூன்று நான்காக வெட்டிச் சாப்பிட்டு முடிக்க வேண்டும். கிண்ணம் முன்னால் வரும்போது நாக்கில் இனிப்பு மிச்சமிருக்கும். அதன்மேல் மாட்சாவின் கசப்பு இறங்கும். 40 கிராம் என்ற கணக்கும், குச்சி இறங்கும் மென்மையும் இந்த நேரத்துக்குள் அடங்கத்தான்.

இதைச் சோதித்துப் பார்க்க ஆசை வந்து, வீட்டில் ஒரு பாதி மாவில் ஏலக்காய்த்தூள் சேர்த்துச் செய்தேன். தனியாகச் சாப்பிட அருமையாக இருந்தது. மாட்சாவோடு சாப்பிட்டபோது தேநீரின் மணம் எங்கே போனதென்றே தெரியவில்லை, கடைசி மடக்கு வரை ஏலக்காய்தான். மறுபாதி, மணமில்லாத வெறும் நெரிகிரி, தானாக நின்றால் சப்பென்றுதான் இருந்தது. தேநீர் வந்ததும் முழுமையானது. அந்த மறுபாதி உருண்டைகளைத் தேநீர் வகுப்புக்கு எடுத்துப்போக ஆசிரியை அனுமதித்தார். ஒன்றை வெட்டிப் பார்த்து, மேல்மாவு ஒரு பக்கம் தடித்திருப்பதைக் குச்சி நுனியால் காட்டினார். உள்ளங்கையில் சுழற்றுவது ஒரே சீராக இல்லையென்றால் அப்படித்தான் வரும்.

ஜூன் 30-ஆம் தேதி கியோட்டோவில் மினாஸுகி சாப்பிடும் நாள். அரிசி மாவில் ஆவியில் வேகவைத்த வெள்ளை அடுக்கின் மேல் சிவப்புப் பயறு பரப்பி, முக்கோணமாக வெட்டியிருப்பார்கள். முக்கோணம் பனிக்கட்டியைக் குறிக்க, பயறு தீமையை விரட்ட என்கிறார்கள். இதற்குக் கைநுணுக்கம் அதிகம் வேண்டாம் என்பதால் அறையிலேயே செய்யப்போகிறேன். அதற்கு முன்னால் பாக்கெட்டை விட்டு, வெள்ளை பீன்ஸை ஊறவைத்து விதையிலிருந்தே ஆன் கிளற வேண்டும். முதல் கொதியின் தண்ணீரை வடித்துக் கொட்டுவதும், சலித்ததைத் தண்ணீரில் அலசி அலசித் தெளியவிட்டுத் துணியில் பிழிவதும்தான் அதில் பெரிய வேலை. பீன்ஸ் வாங்கி வைத்தாயிற்று. இன்றிரவு ஊறப்போடுகிறேன்.