கண்மாய் நாட்டில் ஆங்கில வாத்தியார்

ஜப்பானுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கப் போகிறேன் என்றதும் ஊரில் எல்லோரும் விசாரித்தது டோக்கியோவைப் பற்றித்தான். எனக்குக் கிடைத்தது ககாவா. ஷிகோக்கு தீவின் வடகிழக்கு ஓரத்தில் கடலைப் பார்த்துக்கொண்டு இருக்கிற மாகாணம். ஜப்பானில் மொத்தம் 47 மாகாணங்கள். பரப்பளவில் இதுதான் எல்லாவற்றிலும் சிறியது.

நான் போனது 'ஜெட்' என்ற அரசுத் திட்டத்தில். 1987-லிருந்து நடக்கிறது. பல நாடுகளிலிருந்து பட்டதாரிகளை வரவழைத்துப் பள்ளிகளில் துணை ஆசிரியர்களாகப் போடுவார்கள். இந்தியாவிலிருந்து போகிறவர்கள் ரொம்பக் குறைவு. விண்ணப்பத்தில் எந்த ஊர் வேண்டும் என்று கேட்பார்கள், ஆனால் போடுவது அவர்கள் இஷ்டம். நான் எழுதிக்கொடுத்திருந்தது ஒசாகா. ஒப்பந்தம் ஒரு வருடத்துக்கு. இரண்டு பக்கமும் சம்மதித்தால் அதிகபட்சம் ஐந்து வருடம்வரை நீட்டிக்கலாம்.

வீடு மருகமே என்ற ஊரில் அமைந்தது. ஒரு சின்னக் கோட்டை, ஒரு துறைமுகம், கைவிசிறி செய்கிற பட்டறைகள். ஜப்பானில் செய்யப்படும் உச்சிவா விசிறிகளில் பெரும்பகுதி இங்கிருந்துதான் போகிறது. நிலம் தட்டையாக இருப்பதால் சைக்கிளே போதும்.

பள்ளி நாட்கள் எல்லாம் ஒரே அச்சுதான். காலையில் வாசலில் வெளிச்செருப்பைக் கழற்றி அலமாரியில் வைத்துவிட்டு உள்ளே போடுகிற ஷூவை மாட்டிக்கொள்ள வேண்டும். ஆசிரியர் அறையில் எல்லோருக்கும் ஒரு வணக்கம். துணைத் தலைமையாசிரியர் எனக்கு முன்னால் வந்திருப்பார், நான் கிளம்பும்போதும் உட்கார்ந்திருப்பார். அவர் எப்போது வீட்டுக்குப் போனார் என்பதைக் கடைசிவரை நான் பார்க்கவில்லை.

தொடக்கப் பள்ளியில் ஒரு வகுப்பு 45 நிமிடம். 2020 முதல் ஐந்தாம், ஆறாம் வகுப்புகளுக்கு ஆங்கிலம் முறையான பாடம். மூன்று, நான்கில் பாட்டும் விளையாட்டுமாகப் போகும். வகுப்பாசிரியர் நடத்துவார், நான் கூட நிற்பேன். சில பள்ளிகளில் துணை ஆசிரியரை டேப் ரெக்கார்டர் மாதிரி வைத்துக்கொள்வார்கள்: இந்த வரியைப் படியுங்கள், மறுபடி படியுங்கள், நன்றி. எனக்கு வாய்த்த ஆசிரியர்கள் அப்படியில்லை. பாதி வகுப்பை என்னிடம் விட்டுவிடுவார்கள்.

ஆங்கிலம் வீட்டுமொழியாக இல்லாதவன் ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கலாமா என்ற கேள்வியை இந்தியாவில் இருக்கும்போதே பலர் கேட்டார்கள். என் அனுபவத்தில் அது ஒரு வசதி. ஜப்பானிய மொழியிலும் வினைச்சொல் கடைசியில்தான் வரும். 'நான் நேற்று அம்மாவோடு கோயிலுக்குப் போனேன்' என்பதை அதே வரிசையில் அப்படியே ஜப்பானிய மொழியில் சொல்லிவிடலாம். ஆங்கிலத்தில்தான் தலைகீழாகக் கவிழ்க்க வேண்டும். 'எ', 'தி' எங்கே போடுவது என்பது நமக்கும் குழப்பம், அவர்களுக்கும் குழப்பம். சொல்லின் கடைசியில் ஒரு உகரத்தை ஒட்டவைத்து 'டெஸ்கு' என்று அவர்கள் சொல்லும்போது எனக்கு என் அப்பத்தா பேசுகிற மாதிரியே இருக்கும். அந்தப் பிள்ளைகள் எங்கே தடுக்கி விழுவார்கள் என்று எனக்கு முன்கூட்டியே தெரியும். அமெரிக்காவிலிருந்து வந்த நண்பர் ஒருவர் இதைப் பார்த்து ஆச்சரியப்பட்டார்.

கை தூக்கிப் பதில் சொல்கிற பழக்கம் மட்டும் அங்கே குறைவு. தெரிந்தாலும் தூக்க மாட்டார்கள். இரண்டு இரண்டு பேராகப் பேசவிட்டால் வகுப்பே இரைச்சலாகிவிடும்.

மதியச் சாப்பாடு வகுப்பறையிலேயே. முறை வருகிற பிள்ளைகள் வெள்ளைத் தொப்பியும் அங்கியும் போட்டுக்கொண்டு சமையல் வாளிகளைத் தூக்கி வந்து எல்லோருக்கும் பரிமாறுவார்கள். கடைசித் தட்டு வைக்கும்வரை ஒருவரும் வாய் வைக்கக் கூடாது. அப்புறம் கைகூப்பி, எல்லோரும் ஒரே குரலில் 'இத்தாதாகிமாஸ்' என்று சாப்பாட்டுக்கு நன்றி சொல்வார்கள். தினமும் 200 மி.லி. பால் உண்டு. யாராவது வராவிட்டால் மிஞ்சுகிற பாலுக்குக் கல்-காகிதம்-கத்தரி போட்டி நடக்கும். அதில் இருக்கிற தீவிரத்தை ஆங்கில வகுப்பில் நான் பார்த்ததில்லை. மாட்டிறைச்சி சாப்பிட மாட்டேன் என்று முதல் வாரமே சொல்லியிருந்தேன். மாதப் பட்டியல் வந்ததும் அந்த நாட்களை மட்டும் சிவப்பு மையில் வட்டமிட்டு என் மேசையில் வைத்துவிடுவார்கள். சாப்பாடு முடிந்ததும் பிள்ளைகளே பள்ளியைக் கூட்டித் துடைப்பார்கள். நானும் துணியோடு படிக்கட்டுக்குப் போய்விடுவேன். கூச்சப்படுகிற பிள்ளைகள் என்னோடு பேச ஆரம்பித்தது அந்தப் படிக்கட்டில்தான்.

சரி, வார விடுமுறைக்கு வருகிறேன்.

ககாவாவில் இருந்துகொண்டு உதோன் சாப்பிடாமல் தப்பிக்க முடியாது. 2011-ல் மாகாண அரசே தன்னை 'உதோன் மாகாணம்' என்று விளம்பரம் செய்துகொண்டது. தடித்த கோதுமை நூடுல்ஸ். நல்ல கடைகள் பல காலையிலேயே திறந்து, பிசைந்த மாவு தீர்ந்ததும் மூடிவிடும். இரண்டு மணிக்குப் போனால் பூட்டித்தான் கிடக்கும். தட்டை எடுத்துக்கொண்டு வரிசையில் நின்று, சிறியதா பெரியதா என்று சொல்லி, கிண்ணத்தை வாங்கிக்கொள்ள வேண்டும். சில கடைகளில் நூடுல்ஸைக் கொதிநீரில் முக்குவதும் குழம்பைக் குழாயில் பிடித்துக்கொள்வதும் நம் வேலை. குழம்பில் அடிக்கிற வாசனை எனக்கு முதல் நாளே பிடிபட்டது. நெத்திலிக் கருவாடு! அவர்கள் 'இரிகோ' என்கிறார்கள். பக்கத்திலிருக்கும் இபுகி தீவிலிருந்து வருவது பேர்போனது. சைவக்காரர்கள் கவனிக்க வேண்டிய இடம் இது. வெறும் நூடுல்ஸ்தானே என்று நினைத்தால் குழம்பு முழுக்க மீன்.

ஏன் இந்த ஊரில் மட்டும் இத்தனை கோதுமை? மழை இல்லை, அதுதான் காரணம். தெற்கே ஷிகோக்கு மலைகள், வடக்கே கடலுக்கு அந்தப் பக்கம் சூகோக்கு மலைகள். இரண்டும் இரண்டு பக்கமும் மேகத்தை மறித்துக்கொள்ள, நடுவில் இருக்கிற இந்தச் சமவெளிக்கு மிச்சம்தான் கிடைக்கும். ஆறுகளும் குட்டை. ஆண்டு மழை 1,100 மி.மீ. அளவு, சிவகங்கைக்காரனான எனக்கு அதுவே தாராளம், ஜப்பானுக்கோ அது பஞ்சம். அதனால் என்ன செய்தார்கள் தெரியுமா? குளம் வெட்டினார்கள். இந்தச் சின்ன மாகாணத்தில் 12,000-க்கும் மேல் பாசனக் குளங்கள். ரயிலில் போனால் ஜன்னலுக்கு வெளியே வீடு, வயல், கரை, தண்ணீர், மறுபடி வயல். முதல் தடவை அம்மாவுக்கு வீடியோவில் காட்டியபோது, "இதைப் பார்க்கவா அவ்வளவு தூரம் போனே? நம்ம கண்மாய் மாதிரியே இருக்கே" என்றாள்.

இந்தக் குளங்களை மொத்தமாகப் பார்க்கச் சரியான இடம் கொம்பிரா-சான். கோதோஹிரா என்ற ஊரில், மலைச்சரிவில் இருக்கிற கோயில். மருகமேயிலிருந்து ரயிலில் அரைமணிக்குள் போய்விடலாம். பிரதான சன்னிதிக்கு 785 படிகள், உள்கோயில்வரை ஏறினால் மொத்தம் 1,368. கடலோடிகளைக் காக்கிற தெய்வம். கப்பல் படங்களைக் காணிக்கையாக மாட்டி வைத்திருக்கிறார்கள். ஆதியில் இது கும்பீரன், கங்கை முதலை உருவில் பௌத்தத்தோடு வந்த தெய்வம். 1868-க்குப் பிறகு பௌத்தத்தையும் ஜப்பானின் பூர்வீக மதமான ஷிந்தோவையும் அரசு பிரித்தபோது ஷிந்தோ கோயிலாக மாற்றிவிட்டார்கள். கங்கையில் இருந்த முதலை எங்கே வந்து ஏறியிருக்கிறது பாருங்கள்.

இங்கே எனக்குப் பிடித்தது நாய்க் கதை. ஷோகன்கள் ஆண்ட எடோ காலத்தில் (1603-1868) நேரில் வர முடியாதவர்கள் தங்கள் நாயின் கழுத்தில் பணப் பையைக் கட்டி அனுப்பிவிடுவார்களாம். வழியில் போகிற யாத்திரிகர்கள் அதைக் கைமாற்றிக் கைமாற்றிக் கூட்டிவந்து, பையிலிருந்து செலவழித்துச் சோறு போட்டு, கோயிலில் காணிக்கையும் செலுத்திவிட்டுத் திருப்பி அனுப்புவார்கள். பழனிக்கு மாற்றாள் அனுப்பியவர்களைப் பற்றிக் கேட்டிருக்கிறேன். நாயை அனுப்பியதாகக் கேட்டதில்லை. படிகளின் பாதியில் ஒரு வாசல். அதைத் தாண்டியதும் பெரிய வெள்ளைக் குடைகளுக்கு அடியில் ஐந்து குடும்பத்தார் மஞ்சள் நிற மிட்டாய் விற்கிறார்கள். கோயில் எல்லைக்குள் கடைபோட அந்த ஐந்து குடும்பங்களுக்குத்தான் பரம்பரை உரிமை. மிட்டாயோடு உடைத்துத் தின்ன ஒரு குட்டிச் சுத்தியலும் தருவார்கள். மேலே போய் நின்றால் சமவெளி முழுக்கத் தெரியும்: சாப்பாட்டுக் கூம்பு மாதிரி நிற்கிற 422 மீட்டர் ஈனோ மலை, அதைச் சுற்றி வெயிலில் மின்னுகிற குளங்கள்.

தீவுகளுக்கும் போனேன். மாகாணத் தலைநகரான தாகாமாட்சுவின் துறைமுகத்திலிருந்து ஷோதோஷிமாவுக்கு ஒரு மணி நேரக் கப்பல். 1908-ல் பரீட்சார்த்தமாக ஆலிவ் நட்டுப் பார்த்த தீவு அது. இன்றைக்கும் ஆலிவ் தோட்டங்களும், ஆளுயரத்துக்கு மேலான மரத் தொட்டிகளில் சோயா சாஸ் ஊறுகிற பட்டறைகளும் உண்டு. பட்டறைத் தெருவில் நடந்தாலே நாக்கில் உப்புக் கரிக்கும். நாவோஷிமா தீவில் யாயோய் குசாமா என்ற ஜப்பானியக் கலைஞரின் மஞ்சள் பூசணிச் சிற்பம் கடற்கரை மேடையில் உட்கார்ந்திருக்கிறது. 2021 புயலில் கடல் அடித்துக்கொண்டு போக, 2022-ல் மறுபடி வைத்தார்கள். அதன் முன்னால் படமெடுக்க நிற்கும் வரிசை எனக்குச் சலிப்பாக இருந்தது. ஓகி தீவு அப்படியில்லை. சரிவில் ஒன்றன்மேல் ஒன்றாக வீடுகள், குறுகிய சந்துகள், மதில்மேல் பூனைகள், எல்லாம் சாவகாசமாக இருக்கும். எந்தத் தீவானாலும் கடைசிக் கப்பல் நேரத்தை முதலில் குறித்துக்கொள்ளுங்கள். சின்னத் தீவுகளில் மாலை ஐந்து மணியோடு கதை முடிந்துவிடும். துவரம்பருப்பும் புளியும் தீர்ந்தால் கப்பலேறிக் கடலுக்கு அந்தப் பக்கமிருக்கிற கோபே நகரத்துக்கே போய்விடுவேன். நாலு மணி நேரத்துக்கு மேல் ஆகும், ஆனால் அங்கே இந்தியக் கடைகள் உண்டு, கப்பலிலும் உதோன் கிடைக்கும்.

இருந்தாலும் நான் திரும்பத் திரும்பப் போனது மன்னோ ஏரிக்கு. எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வெட்டியது. கரை உடைந்து கிடந்ததை 821-ல் கூகாய் என்ற துறவி வந்து கட்டிக்கொடுத்தார். பக்கத்து ஸென்ட்சூஜியில் பிறந்தவர். சீனா போய்ப் படித்துத் திரும்பியவர். ஷிகோக்குவைச் சுற்றி 88 கோயில்களை வெள்ளை உடையில் நடந்தே தரிசிக்கிறார்களே, அந்த யாத்திரை அவர் பேரில்தான். ஒரு சாமியார் கரை கட்ட வந்தார் என்றதும், அதுவரை வரிசையாக இருந்த கோயில் பெயர்கள் எனக்கு மனிதப் பெயர்களாகிவிட்டன. தண்ணீரின் அழுத்தம் தாங்க அவர் கரையை உள்பக்கம் வில்லாக வளைத்தார் என்கிறார்கள். ஏரியைச் சுற்றினால் சுமார் 20 கிலோமீட்டர்.

ஜூன் நடுவில் நாற்று நடவுக்கு அங்கே மடை திறப்பார்கள். நான் போன அன்று சனிக்கிழமை. கரையில் குடை பிடித்துக்கொண்டு நல்ல கூட்டம். பூசாரி மந்திரம் சொல்லி முடித்ததும் கரைக்குக் கீழே வாய்க்காலில் தண்ணீர் வெள்ளையாகச் சீறிக்கொண்டு வந்தது. பக்கத்திலிருந்த பெரியவர்கள் கைதட்டினார்கள். குலவை போட ஆளில்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

திங்கட்கிழமை ஆறாம் வகுப்பில் கடந்தகால வினை. வார விடுமுறையில் என்ன செய்தாய் என்று ஆங்கிலத்தில் சொல்ல வேண்டும். நான் மடை திறந்த படத்தைக் காட்டிச் சொன்னேன். பிள்ளைகள் வழக்கம்போல ஆளுக்கு ஒரு வரி: கடைக்குப் போனேன், உதோன் சாப்பிட்டேன், நன்றாக இருந்தது. அடுத்தவனும் உதோன், அதற்கடுத்தவளும் உதோன். கடைசி வரிசையில் எப்போதும் வாய் திறக்காத ஒரு பையன் மட்டும் எழுந்து, "மை கிராண்ட்பா, வாட்டர், ஓப்பன்" என்றான். வகுப்பாசிரியர் விளக்கினார். அவன் தாத்தா அவர்கள் ஊர்க் குளத்துக்கு மடை பார்ப்பவர். எங்கள் பக்கம் நீர்பாய்ச்சி என்போமே, அந்த வேலை.

அடுத்த சனிக்கிழமை ஆசிரியரே காரில் கூட்டிப்போனார். சின்னக் குளம்தான், கரையெல்லாம் புல் வெட்டிச் சுத்தமாக இருந்தது. தாத்தா ரப்பர் பூட்ஸோடு நின்றார். முன்பெல்லாம் தண்ணீர் முறையை ஊதுபத்தி கொளுத்தி அளப்பார்களாம்: பத்தி எரிந்து முடிந்தால் உன் முறை முடிந்தது, அடுத்த வயலுக்குத் திருப்பு. 1974-ல் மலைக்கு அந்தப் பக்கமிருந்து யோஷினோ ஆற்றுத் தண்ணீர் கால்வாயில் வந்தபிறகு கொஞ்சம் மூச்சு விட்டார்கள். அதுவும் 1994 வறட்சியில் போதவில்லை. அந்த ஆற்றின் அணை வற்றி, தாகாமாட்சு நகரில் ஒரு நாளைக்கு ஐந்து மணி நேரம்தான் குழாயில் தண்ணீர் வந்தது. "குடத்தோடு வரிசையில் நின்றிருக்கிறீர்களா?" என்று ஆசிரியர் மூலம் கேட்டார். நான் சென்னையில் படித்தவன், லாரித் தண்ணீர்க் கதையை எடுத்துவிட்டேன். அவருக்கு ஒரே சந்தோஷம்.

பிறகு எங்கள் ஊர்க் கண்மாய்க்கு எத்தனை மடை என்று கேட்டார். மூன்று என்றேன். அவர் குளத்துக்கு ஒன்றுதான். கொஞ்சம் யோசித்துவிட்டு, "அப்படியென்றால் சண்டையும் மூன்று மடங்கு இருக்குமே" என்றார்.

இருக்கும் என்றேன்.