பழைய சாங் பாட்டிலைத் தேடி பேங்காக் போன கதை

சுரசாக் ஸ்டேஷன்ல இறங்கி முதல் வேலையா மாரியம்மன் கோயிலுக்குப் போனேன்னு வீட்ல சொல்லி வெச்சிருக்கேன். உண்மையில அதுக்கு முன்னாடி ஒரு செவன் லெவனுக்குள்ள நுழைஞ்சுட்டேன். கவுண்டர்ல இருந்த பொண்ணுகிட்ட எனக்குத் தெரிஞ்ச அரைகுறை தாய்ல "சாங் காவ் மீ மை?"ன்னு கேட்டேன், அதாவது பழைய சாங் பீர் இருக்கா, அந்த பிரவுன் கலர் பாட்டில்னு. அது மொதல்ல ஃபிரிட்ஜ்ல இருந்த பச்சை பாட்டிலைக் காட்டுச்சு, அப்புறம் சுவத்துல இருந்த கடிகாரத்தைக் காட்டுச்சு. மணி 10:40. 11 மணிக்கு முன்னாடி இங்க கடைல சரக்கு விக்க மாட்டாங்க, இத்தனை வருஷம் இங்க குப்பை கொட்டிட்டு அதைக் கூட மறந்துட்டேன் பாருங்க.

பிரவுன் பாட்டில் போய் ரொம்ப வருஷம் ஆச்சு. 2015ல சாங் கம்பெனி கிளாசிக், டிராஃப்ட், எக்ஸ்போர்ட், லைட்னு தனித்தனியா வித்திட்டிருந்த எல்லாத்தையும் மூட்டை கட்டிட்டு ஒரே ஒரு சாங், பச்சை பாட்டில், 5 சதவீதம் சொச்சம் ஆல்கஹால்னு மாத்திட்டாங்க. பழைய கிளாசிக் 6.4 சதவீதம். அந்த ஒரு பர்சன்ட் சொச்சம் வித்தியாசத்தைப் பத்தித்தான் பேங்காக்ல இருந்த வெளிநாட்டுக்காரங்க இன்னைக்கும் புலம்பிட்டு இருக்காங்க, நானும் அதுல ஒரு ஆளு.

நான் வேலைக்குன்னு பேங்காக் போனது 2002ல. திருச்சி பக்கம் கல்லு பட்டை தீட்டுறவங்க நிறைய, எங்க மாமாவும் அதே தொழில், அந்தப் பழக்கத்துல மகேசக் ரோட்ல ஒரு ஜெம் ஆபீஸ்ல வேலை கிடைச்சுது. சிலோம், சுரசாக், மகேசக் இந்தச் சுத்துவட்டாரம் முழுக்க மாணிக்கம், நீலம்னு கல் யாவாரம், அதுல கீழக்கரை, காயல்பட்டினம் ஆளுங்க ரொம்ப காலமா இருக்காங்க. எங்க ஆபீஸுக்குப் பக்கத்துல ஒரு கீழக்கரை பாய், என்னை விட பதினஞ்சு வயசு பெரியவர், தண்ணி பக்கமே போகாத மனுஷன், ஆனா சாயங்காலம் ஆனா எங்ககூட வந்து ஐஸ் போட்ட தாய் டீயை உறிஞ்சிட்டு ராத்திரி 10 மணி வரைக்கும் உக்காந்திருப்பார். எந்தக் கடை எந்த வருஷம் மூடுச்சு, எந்த பீர் எப்ப என்ன விலைன்னு அவர்கிட்டதான் கேக்கணும், குடிச்ச எங்களுக்கு எங்க ஞாபகம் இருக்கு.

நாங்க உக்காந்த இடம் பார்லாம் இல்ல. ஒரு சோய், சோய்னா சந்து, அதோட முனைல ஒரு பா, பான்னா தாய்ல பெரியம்மா, தள்ளுவண்டில அடுப்பு வெச்சு பன்னி இறைச்சி சுட்டு வித்துட்டு இருந்தாங்க. நாலு மடக்கு டேபிள், பதினஞ்சு பிளாஸ்டிக் ஸ்டூல், ஒரு ஐஸ் பெட்டி. பெரிய பாட்டில் சாங் வாங்கினா ஒரு வாளி நிறைய ஐஸ் வரும், அதைக் கிளாஸ்ல போட்டு அது மேல பீரை ஊத்தணும். பீர்ல ஐஸ் போடறதைப் பாத்து முதல் நாள் நான் முழிச்சேன், அந்த ஊர் வெயில்ல ஒரு வாரம் இருந்தா தானா கை ஐஸைத் தேடும்.

அங்க எனக்குப் புடிச்சது பீர் இல்லைங்க. ஊர்ல நான் குடிச்ச விதம் என்னன்னா, கடை வாசல்ல கம்பி வலைக்குள்ள கையை விட்டு வாங்கி, இடுப்புல சொருகி, தெரிஞ்சவன் எவனாவது பாக்கறானான்னு நாலு பக்கமும் பாத்துட்டு, ஈரத் தரையில பிளாஸ்டிக் டம்ளர்ல மூக்கைப் பொத்திட்டு ஒரே மடக்கு. இங்க ரோட்ட பாத்து உக்காந்திருக்கேன், எதிர்ல ஸ்கூல் விட்டுப் போற புள்ளைங்க, காய்கறிப் பையோட ஒரு பாட்டி, ஆபீஸ் முடிச்சு வர்ற பொம்பளைங்க ரெண்டு பேர் பக்கத்து டேபிள்ல உக்காந்து அவங்களும் ஒரு லியோ பீர் உடைக்கறாங்க, யாரும் யாரையும் ஒரு மாதிரி பாக்கல. இருவத்தாறு வயசுல முதல் தடவையா மூஞ்சியை மறைக்காம குடிச்சேன். பா எனக்கு சோறு போடாம வீட்டுக்கு அனுப்பினது கிடையாது.

அப்ப பீர் ஃபிரிட்ஜைத் திறந்தா மிருகக்காட்சி சாலைதான். சிங்கா சிங்கம் (எழுதறது சிங்கா, அவங்க வாயில வெறும் "சிங்"), சாங் யானை, லியோ சிறுத்தை, ஆச்சா குதிரை. சிங்காதான் மூத்தது, பூன் ராட் கம்பெனி 1933ல ஆரம்பிச்சது, அதுவும் பழசு 6 சதவீதம், பின்னாடி 5 ஆக்கிட்டாங்க. சாங் வந்தது 1995லதான், ஆனா வந்த வேகத்துல 3 பாட்டில் 100 பாட்னு அடிச்சு வித்து சிங்கத்தை யானை மிதிச்ச கதைதான். லேபிள்ல 1998ல ஆஸ்திரேலியால வாங்குன தங்க மெடல் பெருமையா இருக்கும். மறுநாள் காலைல எழுந்தா அந்த மெடலை எவன் குடுத்தான்னு தேடிட்டுப் போய் உதைக்கணும் போல இருக்கும், அப்படி ஒரு தலைவலி. அதுக்கு ஃபராங்குங்க "சாங்ஓவர்"னே பேர் வெச்சிருந்தாங்க. ஒரு பாட்டில் மாதிரி இன்னொன்னு இருக்காது, உள்ள என்னமோ கலக்கறான்னு ஆளாளுக்கு ஒரு வதந்தி. (ஃபராங்னா வெள்ளைக்காரன், நம்ம பரங்கியேதான். நம்மள "கேக்"னு சொல்லுவாங்க, மாரியம்மன் கோயிலுக்கே வாட் கேக்னுதான் ஊருக்குள்ள பேரு.)

எங்க ஸ்டூல் கூட்டத்துல ஒரு இங்கிலீஷ்காரர் இருந்தார், ரிடையர்டு, எவர்ட்டன்னு ஒரு இங்கிலீஷ் ஃபுட்பால் டீமோட ரசிகர். 2004ல எவர்ட்டன் சட்டையில சாங்னு போட ஆரம்பிச்சாங்க, 2017 வரைக்கும் போட்டாங்க, அவருக்கு அது குலதெய்வமே வீட்டுக்கு வந்த மாதிரி. ஆனா சாங்கை வாயில வைக்க மாட்டார். அவருக்கு க்ளோஸ்டர் வேணும். தாய் அமரித்னு ஒரு கம்பெனி ஜெர்மன் லைசென்ஸ்ல போட்டுட்டு இருந்த பீர் அது, மத்ததை விட விலை ஜாஸ்தி. 2004ல அந்தக் கம்பெனியை சான் மிகுவேல் வாங்குச்சு, அதுக்கப்புறம் கொஞ்சம் கொஞ்சமா கடைங்கள்ல காணாமப் போச்சு. அவர் ஸ்கூட்டர் எடுத்துட்டு சோய் சோயா அலைவார், எங்கயோ ஒரு மளிகைக் கடைல தூசி படிஞ்ச நாலு பாட்டில் கிடைச்சுதுன்னு குழந்தை மாதிரி தூக்கிட்டு வந்தார் ஒரு நாள். காலாவதி ஆகி பழைய கஞ்சி வாடை. முழுசையும் குடிச்சார்.

இந்தத் தடவை பாய் என்னை ஏத்திட்டு சுகும்வித் ரோடு முழுக்க சுத்திக் காட்டினார், துக்க வீட்டுக்கு வரிசையா போன மாதிரி இருந்துச்சு. சோய் 10ல சுகும்வித் ஸ்கொயர், சின்னச் சின்ன பார்கள் நிறைஞ்ச இடம், நான் போய் ஆறேழு மாசத்துல, 2003 ஜனவரி 26 விடியக்காலைல நூத்துக்கணக்கான ஆளுங்க புல்டோசரோட வந்து ஒரே மூச்சுல எல்லாத்தையும் தரைமட்டம் ஆக்கிட்டாங்க. அன்னைக்கு காலைல வேலைக்கு வந்தவங்களுக்கு கடையும் இல்ல, ஸ்டூலும் இல்ல. மசாஜ் பார்லர் முதலாளி சூவிட் கமோல்விசிட் அந்த கேஸ்ல மாட்டி, நடுவுல அந்த இடத்துல தன் பேர்லயே ஒரு பார்க் கட்டி, எம்பியும் ஆகி, கடைசில 2016ல 2 வருஷம் தண்டனை வாங்கினார். இப்ப பார்க்கும் இல்ல. சோய் 22 பக்கம் வாஷிங்டன் ஸ்கொயர், வியட்நாம் போர் முடிஞ்சு ஊருக்குத் திரும்பாத அமெரிக்கக் கிழவனுங்க உக்காந்திருந்த இடம், இப்ப அந்தப் பக்கம் எம்ஸ்ஃபியர்னு பளபளன்னு ஒரு மால். சோய் 11ல சீப் சார்லிஸ், 1982லேர்ந்து சுவரும் இல்லாம கூரையும் சரியா இல்லாம சந்துக்குள்ள நின்னுக்கிட்டே குடிக்கற கடை, 2017ல அங்கிருந்து கிளம்பி சோய் 50க்குப் போயிடுச்சு. அதே சோய் 11ல ஃபோக்ஸ்வாகன் வேனையே பாரா மாத்தி ராத்திரி ரோட்டோரம் நிறுத்துவாங்க, அதையும் எடுத்துட்டாங்க.

"எல்லாம் இடம் விலை தம்பி, கல்லு யாவாரத்துல கூட இவ்வளவு லாபம் கிடையாது"ன்னார் பாய்.

கடைசியா எங்க சோய் முனை. பா இருந்த இடத்துல கண்ணாடி போட்ட கான்டோ, அதாவது அடுக்குமாடி, வாசல்ல ஒரு செக்யூரிட்டி. நாங்க ரெண்டு பேரும் நின்னு ஒரு மூலையையே பாத்துட்டு இருந்ததுல அவனுக்குச் சந்தேகம் வந்துடுச்சு. பா எங்கன்னு கேட்டேன், வடகிழக்கு தாய்லாந்துல ஈசான் பக்கம் சொந்த ஊருக்கு மகளோட போயிட்டாங்கன்னு பாய் சொன்னார். எவர்ட்டன்காரர் 2014லயே போய்ச் சேர்ந்துட்டாராம், கோயில்ல வெச்சு எரிச்சாங்களாம், பாய் போயிருக்கார். பச்சை பாட்டில் வர்றதுக்கு முந்தின வருஷம். பாத்திருந்தா என்ன சொல்லிருப்பார், அவர்தான் சாங்கே குடிக்க மாட்டாரே.

அன்னைக்கு ராத்திரி மூணு சந்து தள்ளி வேற ஒரு அம்மா போட்டிருந்த ஸ்டூல்ல உக்காந்தோம். பாய்க்கு டீ, எனக்கு பச்சை பாட்டில், வாளி ஐஸ். உண்மையச் சொன்னா இது பழசை விட நல்ல பீர், மென்மையா இறங்குது. பாய் ஒரு வாய் டீயைக் குடிச்சுட்டு, "அந்தக் காலத்துல நீங்க எல்லாரும் இதைக் கழனித் தண்ணின்னு திட்டிக்கிட்டேதானே குடிச்சீங்க"ன்னார். பதில் சொல்லாம ரெண்டாவது பாட்டில் சொன்னேன், அப்புறம் மூணாவது.

காலைல 6 மணிக்கே முழிப்பு வந்துடுச்சு. தலைவலி இல்ல, வாய் வறட்சி இல்ல, ஒன்னுமே இல்ல. கொஞ்சம் ஏமாத்தமாத்தான் இருந்துச்சு. குளிச்சுட்டு கோயிலுக்குப் போனேன்.