நிலாவெளியில் சுழியோடிவிட்டு மலையேறுதல்

மலையகத்தில் குடியிருக்கும் ஒருவர் கடலடிச் சுழியோடலுக்குத் திட்டமிடும்போது முதலில் குறிக்க வேண்டியது வீடு திரும்பும் திகதியைத்தான். ஹட்டனில் ஆசிரியையாக இருக்கும் நானும் என் தம்பியும் திருகோணமலையை அடுத்த நிலாவெளிக்கு எதிரேயுள்ள புறாமலைத் தீவின் முருகைக்கற்பாறைகளைப் பார்க்கத் தீர்மானித்து, அங்குள்ள பயிற்சி நிலையமொன்றைத் தொலைபேசியில் அழைத்தோம். கட்டணத்தைப் பற்றி நான் வாய் திறப்பதற்கு முன்பே பயிற்றுநர் கேட்டது, "வீடு எந்த ஊர் அக்கா?" என்பதுதான். ஹட்டன் என்றதும், கடைசியாக நீருக்குள் இறங்கும் நாளிலேயே ஊருக்குப் புறப்பட முடியாது, அன்றிரவு கரையில் தங்கித்தான் ஆகவேண்டும் என்று அவர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

இதற்குக் காரணம் நைதரசன். நீருக்கடியில் ஒவ்வொரு 10 மீற்றருக்கும் ஏறத்தாழ ஒரு வளிமண்டல அளவு அழுத்தம் கூடுகிறது; அந்த அழுத்தத்தில் சுவாசிக்கும் காற்றிலுள்ள நைதரசன் இரத்தத்திலும் திசுக்களிலும் கரைந்து சேர்கிறது. மெதுவாக மேலே வந்தால் அது நுரையீரல் வழியாக வெளியேறும். அழுத்தம் சட்டென்று குறைந்தால், சோடாப் போத்தலைத் திறந்தாற்போல உடலுக்குள்ளேயே குமிழிகள் உண்டாகும். கடற்கரைவாசிக்கு நீர்மட்டத்தை அடைந்ததும் ஏற்றம் முடிந்துவிடுகிறது. ஹட்டன் கடல்மட்டத்திலிருந்து 1,200 மீற்றருக்கு மேலும், நுவரெலியா 1,868 மீற்றரிலும் இருக்கின்றன. நுவரெலியாவில் காற்றழுத்தம் கடற்கரையில் உள்ளதில் ஐந்தில் நான்கு பங்குதான். விமானத்தின் உட்பகுதியிலுள்ள அழுத்தம் ஏறக்குறைய 2,400 மீற்றர் உயரத்துக்கு இணையாகக் குறையக்கூடும் என்பதால்தான் சுழியோடிய பின் விமானம் ஏறக் காத்திருக்கச் சொல்கிறார்கள். நம்முடைய வளைவுப் பாதைகளில் வான் வண்டியில் வீடு திரும்புவதும் கிட்டத்தட்ட அதே காரியம்தான், ஆனால் பயணச்சீட்டு வாங்குமிடத்தில் இதை யாரும் நினைவூட்டுவதில்லை.

பரவலாகப் பின்பற்றப்படும் வழிகாட்டல், ஒருமுறை மட்டும் சுழியோடியவர் குறைந்தது 12 மணித்தியாலமும், பலமுறை அல்லது பல நாட்கள் சுழியோடியவர் குறைந்தது 18 மணித்தியாலமும் காத்திருக்க வேண்டும் என்கிறது. ஏறத்தாழ 600 மீற்றர் முதல் 2,400 மீற்றர் வரையான உயரத்துக்கு இது பொருந்தும். திருகோணமலையிலிருந்து கந்தளாய், ஹபரணை, தம்புள்ளை வரை வீதி தாழ்நிலத்திலேயே செல்கிறது. கண்டியும் ஏறக்குறைய 500 மீற்றர்தான். ஆகவே மணிக்கணக்கு உண்மையில் இறுகுவது கண்டியைத் தாண்டிய பிறகே. இதைச் சொல்லி, மாலையிலேயே கிளம்பி இரவைக் கண்டியில் கழிக்கலாம் என்று தம்பி வாதிட்டான். கணக்கு சரியாகவே இருந்தது, ஆனால் நான் உடன்படவில்லை. மூட்டு வலி, தோலில் ஊறல், கைகால் விறைப்பு, காரணமற்ற கடும் சோர்வு என அந்தக் குமிழிகளால் வரும் அறிகுறிகள் சில மணித்தியாலங்கள் கழித்தும் தோன்றலாம். அவை தோன்றும்போது பஸ்ஸில் இருப்பதைவிட, ஒட்சிசனும் விடயம் அறிந்த மனிதர்களும் உள்ள கரையில் இருப்பதே நல்லது. எனவே கடைசிச் சுழியோடலைக் காலையில் வைத்து, மறுநாள் நண்பகலுக்குப் பின் புறப்படுவதாக ஏற்பாடு செய்தோம். இடைப்பட்ட நேரத்துக்குத் திருகோணமலையில் பஞ்சமில்லை. கோணேசர் கோயிலுக்குப் போனோம். சுழியோடிய கையோடு வெந்நீரில் குளிப்பது உகந்ததல்ல என்பதால் கன்னியா வெந்நீர்க் கிணறுகளை மறுநாள் காலைக்கு ஒத்திவைத்தோம்.

பருவத்தைப் பொறுத்தவரை தெரிவு எளிது. கிழக்குக் கடல் ஏப்ரல் கடைசியிலிருந்து செப்டெம்பர் வரை அமைதியாக இருக்கும். தென்மேற்குப் பருவமழை மலையைக் குளிரவைக்கும் மாதங்களும் அவைதான். ஓகஸ்ட் பாடசாலை விடுமுறை இதனுடன் பொருந்தி வருகிறது. ஒரேயொரு இடைஞ்சல், கண்டி எசல பெரஹரா ஊர்வலம் பெரும்பாலும் அந்த மாதத்திலேயே வருவதால் நகரைக் கடப்பதற்கே பாதி நாள் போய்விடும். பெரஹரா திகதிகளைப் பார்த்த பிறகே நாங்கள் அறை பதிவு செய்தோம்.

அதற்கு முன் முடிக்க வேண்டியவை இரண்டு இருந்தன: நீச்சலும் மருத்துவப் படிவமும். பயிற்றுநருடன் 12 மீற்றருக்கு மேற்படாமல் ஒருமுறை இறங்கிப் பார்க்கும் அறிமுகச் சுழியோடலுக்குச் சான்றிதழ் தேவையில்லை. நாங்கள் விரும்பியதோ 18 மீற்றர் வரை செல்ல உரிமை தரும் அடிப்படைப் பயிற்சி. அதில் 200 மீற்றர் நீந்தவும் பத்து நிமிடங்கள் மிதக்கவும் தெரிந்திருக்க வேண்டும். தோட்டத்துப் பிள்ளைகள் நீர்த்தேக்கங்களுக்கு அருகில் வளர்ந்தாலும், அங்கே இறங்காதே என்ற எச்சரிக்கையைத்தான் கற்கிறார்களே தவிர நீச்சலை அல்ல, நாங்களும் அப்படித்தான். கண்டியில் வார இறுதிகளில் நீச்சல் குளத்துக்குப் போய்ப் பழகினோம். மருத்துவப் படிவத்தில் ஒரு கேள்விக்கு "ஆம்" என்றாலும் மருத்துவரின் ஒப்பம் வேண்டும். தம்பிக்குச் சிறுவயதில் இழுப்பு இருந்தது. நுரையீரலில் காற்று அடைபட்ட நிலையில் மேலே வந்தால் அது விரிந்து நுரையீரலையே கிழிக்கக்கூடும் என்பதால் மருத்துவர் சுவாசப் பரிசோதனை செய்த பின்னரே ஒப்பமிட்டார். இதை ஊரிலேயே முடித்துக்கொண்டு போவது உத்தமம்.

மலையிலிருந்து போகிறவர்களுக்கு இன்னொரு தொல்லை சளி. மூக்கடைப்புடன் இறங்கினால் காதின் அழுத்தத்தைச் சமப்படுத்த முடியாது. மாத்திரை போட்டு அடக்கினால், நீருக்கடியிலேயே அதன் வீரியம் குறைந்து, மேலே வரும்போது சிக்கலாகும். மழையில் நனைந்து திரிவதைப் புறப்படுவதற்கு முந்தைய வாரம் முழுவதும் இருவரும் தவிர்த்தோம்.

புறாமலை 1963 இல் சரணாலயமாகவும் 2003 இல் தேசியப் பூங்காவாகவும் பிரகடனப்படுத்தப்பட்ட இடம். கரையிலிருந்து சுமார் ஒரு கிலோமீற்றர் தூரம்தான். வனசீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களத்தின் அனுமதிச்சீட்டு உள்ளூரவர்க்கு மலிவு, அதற்குத் தேசிய அடையாள அட்டையைக் கையில் வைத்திருக்க வேண்டும். படகுக்கூலி தனி. தீவின் கரையில் மணலோடு இறந்துபோன முருகைக்கல் துண்டுகள் குவிந்து கிடப்பதால் வெறுங்காலுடன் நடப்பது கடினம். 1998 இல் கடல் வெப்பமடைந்து தென்மேற்குக் கரையின் ஹிக்கடுவைப் பக்கத்து முருகைக்கற்கள் பெருமளவில் வெளிறி மடிந்தபோதும் இப்பகுதி பெரும்பாலும் தப்பியது. எஞ்சியிருப்பதைக் காலில் மாட்டும் துடுப்பால் இடித்து உடைக்காமலிருக்க, மிதப்பைக் கட்டுப்படுத்தும் பயிற்சியில் பயிற்றுநர் அதிக நேரம் செலவிட்டார். அதைத்தான் நான் மிகவும் சிரமப்பட்டுக் கற்றேன். செட்டை நுனி கறுத்த சிறிய சுறாக்கள் எங்களைக் கண்டு விலகிப் போயின. மேலே வரும்போது 5 மீற்றர் ஆழத்தில் மூன்று நிமிடங்கள் நின்று வருவது வழக்கம்.

டிசம்பர் விடுமுறையில் செல்ல விரும்புவோர் கிழக்கை விட்டுவிட்டு ஹிக்கடுவை, உனவட்டுனை பக்கம் திட்டமிட வேண்டும். அங்கே நவம்பரிலிருந்து ஏப்ரல் வரை கடல் தெளிந்திருக்கும். அவிசாவளை, கித்துல்கலை வழியாக ஹட்டனுக்கு ஏறுகிறவர்களுக்கும் அதே 18 மணித்தியாலக் கணக்குத்தான், கினிகத்தேனைக்கு முன்பே அது முடிந்திருக்க வேண்டும்.